பாட்டுக்கு அடியில்

தி. நகரில் நான் வேலை பார்த்த கடையின் வாசலில், ‘வீடியோ கேசட்டை சிடியாக மாற்றித் தருகிறோம், நூறு வருஷம் கெடாது’ என்று ஒரு போர்டு தொங்கியது. நூறு வருஷம் இருந்து பார்த்தவர் யாரோ எனக்குத் தெரியாது. நாங்கள் போட்டுக் கொடுத்த சிடிகளில் பல, நாலைந்து வருஷத்திலேயே முதுகு உரிந்து போயின. ஆனாலும் தொண்ணூறுகளின் கடைசியில் அந்த போர்டை நம்பித்தான் ஜனங்கள் கல்யாணக் கேசட்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறினார்கள்.

கடை முதலாளி அதற்கு முன் பல வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர். அண்ணன் என்றுதான் நான் அவரைக் கூப்பிடுவேன். இனி கேசட் போய் சிடிதான் என்று மோப்பம் பிடித்து, முதல் ஆளாக ஒரு கம்ப்யூட்டரும், கேசட் ஓட்டும் டெக்கிலிருந்து படத்தை உள்ளே இழுக்கும் கேப்சர் கார்டும் வாங்கிப் போட்டார். கம்ப்யூட்டருக்கு ஏசி வைத்தார். அதன் தயவில் நாங்களும் வியர்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

நான் மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். எங்கள் அம்மாவுக்கு இந்த வேலையைக் கண்டாலே ஆகாது. “டிகிரி முடிச்சுட்டு, ஊரார் ஆத்துக் கல்யாணத்தையெல்லாம் பார்த்துண்டு உக்காந்திருக்கா” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் புலம்புவாள். எனக்கு வரன் அமையாததற்கும் இந்த வேலைக்கும் அவள் போட்டு வைத்திருந்த முடிச்சை அவிழ்க்க நான் மெனக்கெட்டதே இல்லை.

வேலை என்னவோ கேட்பதற்கு லேசாக இருக்கும். கேசட்டை டெக்கில் ஓட விட்டு, கம்ப்யூட்டரில் ஏவிஐ கோப்பாகப் பிடிக்க வேண்டும். அந்தக் கோப்பு இரண்டு ஜிபியைத் தொட்டால் புரோகிராம் நின்றுவிடும். பெரும்பாலும் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிற சமயம் பார்த்து நிற்கும். அதனால் கேசட்டைத் துண்டு துண்டாகப் பிடித்து, ஒவ்வொரு துண்டையும் சிடியில் ஓடக்கூடிய எம்பெக் கோப்பாக மாற்ற வேண்டும். இதற்கு என்கோடிங் என்று பெயர். ஒரு மணி நேரப் படத்தை மாற்ற அந்த மெஷினுக்கு ஒரு பகல் போதாது. திரையில் ஒரு நீலப் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். முக்கால்வாசி தாண்டி, இன்னும் கொஞ்சம்தான் என்று நாம் டீ குடிக்கக் கிளம்பும்போது அப்படியே உறைந்துபோகும், இல்லையென்றால் கரண்ட் போகும். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த மெஷினை நான் திட்டிய திட்டெல்லாம் மயிலாப்பூரில் கற்றவை அல்ல.

இன்னொரு தொல்லையும் உண்டு. டேப் மோசமாக இருந்தாலோ டிஸ்க் திணறினாலோ, கார்டு நடுநடுவே படத்தில் சில ஃப்ரேம்களை விட்டுவிடும். சத்தத்தில் எதையும் விடாது. ஆகவே படம் முன்னால் ஓடும், சத்தம் பின்னால் வரும். சாஸ்திரிகளின் குரல் டேப்பில் இருந்தால், அவர் வாயை மூடிக்கொண்ட பிறகு மந்திரம் கேட்கும்.

இதைக் கண்டுபிடிக்கிற வாடிக்கையாளர் அநேகமாக இருக்க மாட்டார். ஏனென்றால் கல்யாண வீடியோவில் யாருடைய குரலும் இருக்காது. அன்றைக்கு இந்தத் தொழிலில் இருந்த எல்லோருக்கும் அது ஒரு சம்பிரதாயம். எடிட் செய்யும்போதே மண்டபத்துச் சத்தத்தை மொத்தமாக எடுத்துப் போட்டுவிட்டு, பெண் வந்தால் ஒரு சினிமாப் பாட்டு, மாலை மாற்றினால் ஒன்று, பந்திக்கு ஒன்று என்று ஒட்டிவிடுவார்கள். “லைவ் சவுண்டை விட்டா கல்யாண வீடு மாதிரியா இருக்கும்? மார்க்கெட் மாதிரி இருக்கும்” என்பார் அண்ணன். பாட்டு போட்டால்தான் அவருக்கு வேலை முடிந்ததாக அர்த்தம். மண்டபத்தில் எடுத்த அசல் டேப்பையோ அடுத்த முகூர்த்தத்துக்கு அழித்து எழுதிவிடுவார்கள். மூன்று மணி நேரம் ஒரு குடும்பமே வாயசைத்துக்கொண்டிருக்கும், ஒரு சொல் காதில் விழாது. நானும் அதை ஒரு குறையாக நினைத்தவள் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் அந்த அம்மாள் வந்தார். நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறவர். காலை வியாபாரத்தை முடித்துக்கொண்டு, அலுமினியக் கூடையைக் கீழே பழக்கடையில் வைத்துவிட்டு மேலே ஏறி வந்திருந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் அண்ணன் வாசனை ஸ்ப்ரேயை எடுத்து ஏசிக்கு நேராக அடித்துவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அம்மாள் அதைக் கண்டுகொண்டதாகவே காட்டிக்கொள்ளாமல், மடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கேசட்டை எடுத்தார். கேசட்டின் திருகாணிகளெல்லாம் துருப்பிடித்திருந்தன.

“என் பொண்ணு கண்ணாலம்மா இது. கண்ணாலத்துக்காக வரல நானு. என் புள்ள இதுல கீறான்” என்றார். “மூஞ்சி பாக்கறதுக்கு போட்டோ கீது வூட்ல. இதுல அவன் பேசுறான். அத்த கேக்கணும். டெக்குல போட்டா சவச்சி சவச்சி துப்புது. சிடில போட்டா போவாதாமே?”

மகன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மஞ்சள் காமாலை. ஆடி மாசம் படுத்தவன் அந்த மாசத்தைத் தாண்டவில்லை. அவனுடைய அக்கா கல்யாணம் அதற்குச் சில வருஷம் முந்தி நடந்தது. அந்தப் பகுதி வீடியோக்காரரும் எல்லோரையும் போலக் கேசட் முழுக்கப் பாட்டைத்தான் ஒட்டியிருந்தார். ஆனால் ஓரிடத்தில் விட்டுவிட்டார். சாயங்காலம் மெல்லிசைக் கச்சேரி நடந்திருக்கிறது. அது ஏற்கெனவே பாட்டுதானே, அதன் மேல் இன்னொரு பாட்டு எதற்கு என்று அந்தப் பகுதியின் சத்தத்தை அப்படியே வைத்திருக்கிறார். அந்தக் கச்சேரியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதற்குள், மகன் பாடகரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவைக் கூப்பிடுகிறான். அது மட்டும் தப்பித்திருந்தது.

“நானு பின்னாடி அண்டா கழுவிக்கினு இருந்தன். அக்கா பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கோ, வான்னு மைக்குல கூவுறான். அழுக்குப் பொடவையோட எப்டி மேடை ஏறுவன்? போவல” என்றார். “போயிருக்கலாம்.”

கேசட்டைப் பிரித்துப் பார்த்தேன். டேப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. எல்லா இடத்திலும் இல்லை, ஒரே இடத்தில்தான் அடர்த்தியாக இருந்தது. அது எந்த இடம் என்று ஓட்டிப் பார்த்தால், அந்தப் பையன் பேசுகிற இடம். அவர் மகன் பேசுகிற இடத்தைப் பார்த்து முடித்ததும், அடுத்த தடவை தேட வேண்டாமே என்று கேசட்டை அங்கேயே நிறுத்தி எடுத்து வைப்பாராம். ஒவ்வொரு தடவையும் அதே இடம்தான் கடற்காற்றில் திறந்து கிடந்திருக்கிறது.

முதல் தடவை பிடித்தபோது, பூசணம் வந்த இடத்தில் டெக்கிலிருந்து படமே வரவில்லை. சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் நின்றுகொண்டது. டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். மறுபடியும் நின்றது. ஒவ்வொரு ஓட்டத்திலும் டேப்பின் மேல்பூச்சு உதிர்ந்து ஹெட்டில் மாவு மாதிரி படிவதை என் கண்ணால் பார்த்தேன். ஓட்டினால்தான் காப்பாற்ற முடியும், ஓட்டினால் டேப் சாகும். இதை எந்தப் புத்தகத்திலும் எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கோபத்தில் அண்ணனிடம் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், தெரிந்தவர் ஒருவரிடம் போய் வேறொரு பழைய டெக்கை இரவல் வாங்கி வந்தார்.

அதில் வந்தது. படம் துள்ளித் துள்ளி, ஏகப்பட்ட ஃப்ரேம்களை விட்டுவிட்டுத்தான் வந்தது. ஆனால் சத்தம் முழுசாக வந்தது. அந்த இடம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் டெக்குக்குள் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. நிறுத்தித் திறந்தால் டேப் கசங்கி, முறுக்கி, இரண்டு இடத்தில் அறுந்து கிடந்தது. அதை இனி எந்த டெக்கிலும் போட முடியாது.

மறுநாள் அந்த அம்மாள் வந்தபோது, இரவல் டெக்கைத் திருப்பிக் கொடுக்க அண்ணன் வெளியே போயிருந்தார். அறுந்த டேப்பைப் பார்த்து அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. “பயப்படாதீங்கம்மா, கம்ப்யூட்டர்ல வந்துடுச்சு” என்று அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினேன். இரைச்சலுக்கு நடுவே ஒரு பையனின் குரல், பாதி உடைந்து, சிரிப்போடு வந்தது. “யம்மோவ்! எங்க கீற? மேடைக்கு வா! அக்கா பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கோ. அண்டா எங்கயும் போவாது, வா!” கேமரா கூட்டத்துக்குள் திரும்பி அவரைத் தேடுகிறது. அவர் வரவில்லை. அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடுகிறது.

அவர் அழுவார் என்று நினைத்து நான் தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். அவரோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “பேமானி, இன்னாமா கத்துறான் பாரு” என்றார். எத்தனை தடவை கேட்டார் என்று எண்ணவில்லை. எதிரில் காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் முணுமுணுத்தார், நான் முறைத்ததும் அடங்கிவிட்டார். அந்தக் கடையில் எனக்கு உருப்படியான நாள் என்று ஒன்று இருந்தால் அதுதான்.

வருஷத் திதிக்கு மகளும் மருமகனும் சொந்தக்காரர்களும் வருகிறார்கள், அன்றைக்கு எல்லோரும் கேட்க வேண்டும், அதற்குள் சிடி கிடைத்துவிடுமா என்று கேட்டார். கிடைத்துவிடும் என்றேன்.

ஆனால் என்கோடிங்கில் அந்தத் துண்டு மட்டும் போக மறுத்தது. மற்ற துண்டுகளெல்லாம் ஒழுங்காக மாறிவிட்டன. இது மட்டும் அந்தப் பையன் மைக்கைப் பிடுங்குகிற இடம் வந்ததும் தொங்கிவிடும். விட்டுப்போன ஃப்ரேம்களால் படத்துக்கும் சத்தத்துக்கும் கணக்கு உதைத்தது. ஒரு தடவை கம்ப்யூட்டரே நீலத் திரையைக் காட்டிவிட்டு அணைந்துபோனது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது.

அதற்குள் எனக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. காலையில் இரண்டு இமையும் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. ரத்தச் சிவப்பாகக் கண்ணை வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக் கடைக்குப் போனால், அண்ணன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, “கிட்ட வராதம்மா, ஆவணி முகூர்த்தம் வருது, எனக்கும் வந்தா கடையை மூட வேண்டியதுதான்” என்று வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினார். போகும்போது திரும்பத் திரும்பச் சொன்னேன். “அந்தம்மா பையன் வர்ற துண்டை மட்டும் தொடாதீங்கண்ணா. டேப் போயிடுச்சு. இனி அது ஒண்ணுதான் இருக்கு.”

“நீ கண்ணைப் பாரு. நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்.

கண் சரியாகி நான் திரும்பிப் போனபோது, கம்ப்யூட்டரில் வேறு யாருடைய கல்யாணமோ ஏறிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் கோப்புகள் எதுவும் டிஸ்க்கில் இல்லை. கேட்டதும் அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

“முடிச்சுக் குடுத்துட்டேம்மா. தினம் வந்து வாசல்ல நின்னுச்சு அந்தம்மா, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. காசு கூட வாங்கல. உனக்கு ஏன் தொங்குச்சு தெரியுமா? அந்தச் சத்தம்தான் பிரச்சினை. சத்தத்தை எடுத்துட்டேன், ஜம்முனு ஓடிருச்சு.”

என் காதில் விழுந்ததை நான் நம்பவில்லை. “சத்தத்தை எடுத்துட்டீங்களா?” என்றேன்.

“சும்மா எடுப்பேனா? அம்மா பாட்டு ஒண்ணு வச்சேன். அந்தப் பையன் மைக்கைப் புடிச்சு வாயைத் தொறக்கவும் பாட்டு ஆரம்பிக்கவும் அவ்ளோ பொருத்தமா உக்காந்துச்சு. எனக்கே கண்ணு கலங்கிருச்சும்மா.”

அன்று அந்த அறையில் நான் போட்ட சத்தத்துக்குக் கீழே பழக்கடைக்காரர் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தார். அண்ணனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எங்கள் தொழிலில் ஒருவன் கேசட்டில் இருக்கிறான் என்றால் அவன் படம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். சத்தம் என்பது இரைச்சல், பாட்டு போட்டு மூட வேண்டிய ஒன்று. வாழ்நாள் முழுக்க அப்படியே வேலை செய்த மனிதர். “அவன் பேசறதையா கேட்டுச்சு அந்தம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அழித்த கோப்பை மீட்கும் புரோகிராம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தின் மேலேயே புதுக் கல்யாணம் ஏறிவிட்டிருந்தது. யாரோ ஒரு பெண் வளையலைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

இன்றைக்கும் யாராவது, நீ இன்னும் விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொடாதே என்பதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டியிருக்கிறது? அவரை மன்னிக்கவும் என்னால் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. நல்ல மனசோடு செய்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திதி முடிந்த மறுநாள் அந்த அம்மாள் வந்தார். ஏமாந்து போனவராக அவர் வரவில்லை, ஒரு சின்ன ரிப்பேருக்கு வந்தவர் மாதிரி வந்தார். சிடியை என்னிடம் நீட்டினார்.

“நல்லாத்தான் கீது. எல்லாரும் பாத்தாங்க. பாட்டும் நல்ல பாட்டுதான். ஆனா அந்த எடத்துல மட்டும் பாட்டை எடுத்துட்டுக் குடு கண்ணு. அவன் அதுக்கு அடில தான கீறான்?”

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “பாட்டை மேல போடலம்மா. அவன் சத்தத்தை எடுத்துட்டு, அந்த எடத்துல பாட்டை வச்சிருக்கு. அடியில ஒண்ணும் இல்ல.”

“எடுத்தத எங்க வச்சிகீறீங்க?”

“எங்கயும் இல்லம்மா. அழிஞ்சுபோச்சு.”

அவர் என்னைப் பார்த்தார், அண்ணனின் முதுகைப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். அன்று என் காதால் கேட்டேனே, அது எப்படி இல்லாமல் போகும் என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயாரத் திட்டியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் அது தேவலையாக இருந்திருக்கும். திட்டவில்லை. நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து, “நீ இன்னா பண்ணுவ” என்று மட்டும் சொன்னார்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, “சரி, போடு. சவுண்ட தொறக்காம போடு” என்றார்.

போட்டேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன். பையன் மைக்கைப் பிடுங்கினான், வாயைத் திறந்தான். அந்த அம்மாள் திரைக்குக் கிட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, அவன் வாயசைவுக்கு ஏற்ப, அவன் கூப்பிட்ட மாதிரியே சொல்ல ஆரம்பித்தார். “யம்மோவ்! எங்க கீற? மேடைக்கு வா…” அவர் பாதி சொல்வதற்குள் படத்தில் பையன் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இன்னொரு தடவை போடச் சொன்னார். இந்தத் தடவை வேகமாகச் சொல்லிப் பார்த்தார். அப்போதும் அவன் வாய் முன்னாலேயே மூடிக்கொண்டது.

“நான் லேட்டா சொல்றனா, அவன் முன்னாடி போறானா?” என்று என்னைக் கேட்டார்.

கார்டு விட்டுவிட்ட ஃப்ரேம்களைப் பற்றி அவரிடம் என்னவென்று சொல்வது? “அவன்தாம்மா முன்னாடி போறான்” என்றேன்.

“அவனுக்கு எப்பவுமே அவசரம்” என்றார். நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இன்னொரு வாட்டி போடு கண்ணு. இந்த வாட்டி புட்ச்சிடுவன்.”

மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.